கடைசிக் குதிரைக்காரி

எங்கள் ஊரில் பிரிமித்திவா சில்லிவானியை 'வால்' என்றுதான் கூப்பிடுவார்கள், அதுவும் முகத்துக்கு நேராகவே. அவள் அதற்குக் கோபித்துக்கொண்டதில்லை. யானாரித்திப் பனிமலையைச் சுற்றி நடக்க வரும் பயணிகளின் பின்னால், சேணம் பூட்டிய வெறுங்குதிரை ஒன்றைப் பிடித்துக்கொண்டு கடைசி ஆளாக நடப்பது அவள் வேலை. கூடாரமும் சமையல் சாமானும் சுமக்கும் குதிரைகள் காலையிலேயே எல்லோரையும் முந்திக்கொண்டு போய்விடும். அவற்றுக்குப் பின்னால் வழிகாட்டி, அவருக்குப் பின்னால் பயணிகள், ஆளுக்கொரு வேகத்தில். கடைசியில் இவளும் சும்பி என்ற பழுப்புக் குதிரையும் வருவார்கள். யாருக்காவது மூச்சுத் திணறினாலோ கால் பிசகினாலோ ஏற்றிக்கொண்டு வருவதற்குத்தான் அந்தக் குதிரை. பல பயணங்களில் அதன் முதுகில் கடைசிவரை யாரும் ஏறமாட்டார்கள். வெறும் சேணத்தோடு மலையைச் சுற்றி வந்துவிடும்.

சுமைக்குதிரைக்காரர்கள் அவளைச் சீண்டாத நாள் கிடையாது. கடைசியில் வருகிறவளுக்குச் சட்டி வழித்ததுதான் மிச்சம் என்பார்கள். "மிச்சம் வைக்காத ஆளு கணவாயில மயங்கி விழுந்தா, நான் பாக்காத மாதிரி தாண்டி வந்துருவேன்" என்பாள் இவள். உடனே யாராவது ஒருவர் சூப்பை அவள் கிண்ணத்தில் ஊற்றிக் கம்பளியால் மூடி வைப்பார். வெறுமனே போகிற குதிரைமேல் நீயாவது ஏறி உட்காரக் கூடாதா என்று பயணிகள் கேட்பதுண்டு. அவளுடைய அரைகுறை ஸ்பானிய மொழியில், "உக்காந்தா எறங்க மனசு வராது செனோரா" என்று சொல்லிவிட்டு நடப்பாள்.

அவளுடைய வேலைக்கு இருந்த சட்டம் ஒன்றே ஒன்று. குதிரைக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது. பாதையை விட்டு ஒதுங்க வேண்டியவர் தன் ஊன்றுகோலைப் பாதையோரம் குத்தி நிறுத்திவிட்டுத்தான் பாறை மறைவுக்குப் போக வேண்டும். கோல் நின்றால் ஆள் அங்கே இருக்கிறார் என்று அர்த்தம். அவர் திரும்பி வந்து கோலைப் பிடுங்கும்வரை பிரிமித்திவா அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள். பயணம் தொடங்கும் காலையில் வழிகாட்டி இதைச் சொல்லும்போது பயணிகள் சிரிப்பார்கள். இரண்டாம் நாள் யாரும் சிரிப்பதில்லை. அடுத்தவர் நட்ட கோலை எங்கள் பக்கத்தில் ஒருவரும் தொடமாட்டோம்.

நான் சொல்ல வந்தது அக்டோபர் மாதத்தில் ஒரு நாளைப் பற்றி. மழைக்காலத்தின் முதல் ஆலங்கட்டிகள் விழத் தொடங்கியிருந்தன. பயணத்தின் கடைசி நடை அது. பெரிய கணவாயைத் தாண்டி, மறுபக்கம் எங்கள் கோன்யிபம்பாவின் வெந்நீர்க் குளத்துக்கு இறங்க வேண்டும். வாரமெல்லாம் குளிரில் நடந்தவர்கள் அன்று காலை எழுந்ததிலிருந்தே அந்தக் குளத்தைப் பற்றித்தான் பேசுவார்கள்.

அந்தக் கூட்டத்தில் ஒதீலியா என்று ஓர் அம்மாள் இருந்தாள். கடற்கரையில், லீமாவில் தையல் கடை வைத்திருந்து ஓய்வு பெற்றவள். ஊன்றுகோலின் பிடி வழுக்காமல் இருக்க மஞ்சள் நாடாவைத் தானே சுற்றித் தைத்திருந்தாள். அதைப் பார்த்துவிட்டுத் தன்னுடையதற்கும் ஒன்று தைத்துத் தரும்படி வழிகாட்டி யூரி கேட்டு வாங்கியிருந்தான். முந்தின நாளிலிருந்தே அவளுக்கு இருமல். கடைசி நாள் காலையில் தண்ணீர்ப் புட்டியின் மூடியைத் திறக்க முடியாமல் பக்கத்தில் இருந்தவரிடம் நீட்டினாள். பிரிமித்திவா அதைப் பார்த்தாள். உதடு நீலம் பாய்ந்திருந்ததையும் பார்த்தாள். நேரே யூரியிடம் போய், இந்த அம்மாவை இப்போதே குதிரையில் ஏற்ற வேண்டும் என்றாள்.

யூரி கெட்டிக்காரப் பையன்தான், பொறுப்பானவனும்கூட. வந்த வழியே திரும்பினால் இறக்கத்துக்கு இரண்டு நாள் ஆகும், கணவாயைத் தாண்டினால் மாலைக்குள் கீழே இறங்கிவிடலாம் என்று கணக்குப் போட்டான். கணக்கு சரிதான். ஆனால் அந்த அம்மாள் குதிரையில் ஏற மறுத்துவிட்டாள். சின்ன வயதில் ஏதோ ஒரு குதிரை அவளைக் கீழே தள்ளியதாம்.

"நடக்க முடியலன்னா சொல்றேன். அதுவரைக்கும் அந்த மிருகம் எனக்குப் பின்னாடியே வரட்டும். ரொம்பப் பக்கத்துல வேண்டாம்" என்றாள்.

அப்படியே முடிவாயிற்று. ஒதீலியா மெதுவாக நடப்பாள், குதிரை பின்னால் போகும். மேட்டின் அடியில் அவளால் முடியாவிட்டால் பிடிவாதத்தைப் பார்க்காமல் ஏற்றிவிடுவது என்று யூரியும் பிரிமித்திவாவும் பேசிக்கொண்டார்கள்.

பாதி வழியில் அது குலைந்தது. கூட்டத்தில் ஒரு பொறியாளருக்கு வயிறு சரியில்லை. பாதையோரம் அவருடைய கோல் நின்றது. சட்டப்படி பிரிமித்திவா நின்றாள். மனுஷன் சீக்கிரம் வரவில்லை. வந்ததும் கூச்சத்தோடு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, விட்ட தூரத்தைப் பிடிக்க நீள நீளமாக எட்டு வைத்து மேலே போய்விட்டார். அதற்குள் மேகம் கணவாயிலிருந்து இறங்கி வழியை மூடிவிட்டது. ஆலங்கட்டி விழுந்து, அது நின்றதும் பனித்தூவல் பிடித்துக்கொண்டது. ஒதீலியா கண்ணுக்குத் தெரியவில்லை.

பிரிமித்திவா குதிரையை விரட்டினாள். எதிரே மேகத்துக்குள்ளிருந்து மணிச்சத்தம் கேட்டது. தெற்குப் பள்ளத்தாக்குக்காரன் ஒருவன் லாமா என்கிற சுமைவிலங்குகளில் உப்பு ஏற்றிக்கொண்டு இறங்கி வந்தான். வழியில் சந்திப்பவர்கள் செய்வதுபோல, மெல்லுகிற கோக்கா இலையை இருவரும் மாற்றிக்கொண்டார்கள். மேலே ஆட்கள் ஒருவர் ஒருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள் என்று அவன் சொன்னான். லாமாக்கள் குளிரில் நிற்கவில்லை, அவனும் நிற்கவில்லை.

கொஞ்ச தூரத்தில் பாதையோரம் ஒரு கோல் நின்றது. பிடியில் மஞ்சள் நாடா. யூரியின் கோலுக்கும் அதே நாடாதான். ஆனால் யூரியின் கோல் உயரமானது. இது ஒதீலியாவுடையது.

வழக்கம்போல பிரிமித்திவா முதுகைக் காட்டி நின்றாள். முதலில் அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்ததாம். ஆள் கிடைத்துவிட்டாள், இனி விடக் கூடாது, அழுதாலும் ஏற்றிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். சேணத்தின் வாரை இறுக்கினாள். மேலே படிந்த பனியைக் கையால் தட்டினாள். பிறகு மரியாதைக்காக ஒரு தடவை இருமினாள். பதில் இருமல் வரவில்லை. அன்றைக்கெல்லாம் அந்த அம்மாள் இருமாமல் இருந்ததே இல்லை.

"செனோரா" என்று கூப்பிட்டாள். மறுபடியும் கூப்பிட்டாள். மேகத்துக்குள் எந்தச் சத்தமும் இல்லை.

பாதைக்குக் கீழே பாறைகள் சரிந்து ஒரு ஓடைப்பள்ளம் இருக்கிறது. ஒதுங்குபவர்கள் அங்கேதான் இறங்குவார்கள். பிரிமித்திவா கடிவாளத்தை ஒரு கல்லில் சுற்றிவிட்டு இறங்கினாள். புதுப் பனி எல்லாத் தடத்தையும் மூடியிருந்தது. ஒவ்வொரு பாறைக்குப் பின்னாலும் போய்ப் பார்த்தாள். கறுப்பாகத் தெரிந்ததெல்லாம் கல்லாக இருந்தது. ஒரு இடத்தில் கம்பளித் தொப்பி போலத் தெரிந்ததைக் கையை விட்டு எடுத்தபோது பாசிக்கட்டி வந்தது. ஓடையின் ஓரம்வரை போனாள். மயங்கி விழுந்திருந்தால் உருண்டு இங்கேதான் வந்திருக்க வேண்டும். தண்ணீருக்குள்ளும் பார்த்தாள்.

ஒன்றும் இல்லாமல் மேலே ஏறி வந்தாள். குதிரை மேட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, வீடு இருக்கும் திசைக்குக் காதை நீட்டி நின்றது. மூச்சு வாங்கியதில் அவள் தன்னை அறியாமல் அந்தக் கோலைப் பிடித்துக்கொண்டாள். பிடித்ததும் கையை எடுக்கப் போனாள், அடுத்தவர் கோல் ஆயிற்றே. அப்போதுதான் கோல் கொஞ்சமும் ஆடவில்லை என்பதைக் கவனித்தாள்.

குனிந்து அடியிலிருந்த பனியை விலக்கினாள். கோலைச் சுற்றிச் சின்னக் கற்களை ஆப்பு போல இறுக்கி வைத்திருந்தார்கள். இதைச் செய்ய மண்டி போட்டு உட்கார வேண்டும், கல் பொறுக்க வேண்டும், இன்னொரு கல்லால் தட்ட வேண்டும். புட்டி மூடியைத் திறக்க முடியாத கை செய்கிற வேலையில்லை இது. அவசரமாக ஒதுங்குகிற யாரும் செய்கிற வேலையுமில்லை.

தெற்குப் பள்ளத்தாக்கில் ஒரு பழக்கம் உண்டு. பாதையில் கிடக்கும் பொருளை அவர்கள் எடுத்துப் போகமாட்டார்கள், கிடந்தபடி விடவும் மாட்டார்கள். தொலைத்தவர் தேடி வந்தால் தூரத்திலிருந்தே கண்ணில் படும்படி நிமிர்த்தி, கல் வைத்து நிறுத்திவிட்டுப் போவார்கள். செருப்பாக இருந்தாலும் அப்படித்தான், மண்வெட்டியாக இருந்தாலும் அப்படித்தான். அந்த லாமாக்காரன் நல்ல மனதோடு செய்துவிட்டுப் போயிருக்கிறான். கோலை நழுவவிட்டுவிட்டு, நழுவியதுகூடத் தெரியாமல் அந்த அம்மாள் மேலே நடந்திருக்கிறாள்.

அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் அப்படி இல்லாவிட்டால்? கூட வந்தவர் யாராவது அவளுக்காகக் கல் வைத்து நட்டுக் கொடுத்திருந்தால்? பள்ளத்தில் தான் பார்க்காமல் விட்ட பாறை ஒன்று இருந்தால்? "என் வாழ்க்கையில அவ்வளவு நேரம் நான் யோசிச்சதில்ல. கல்யாணத்துக்குக்கூட யோசிக்கல" என்று பிற்பாடு என்னிடம் சொன்னாள். இங்கேயே நின்றால் மேலே ஒருத்தி சாகலாம். மேலே போனால் இங்கே ஒருத்தி சாகலாம். அந்த ஒருத்தி இரண்டு இடத்திலும் ஒரே ஆள்தான்.

அவள் கற்களை உதைத்துத் தள்ளிவிட்டுக் கோலைப் பிடுங்கினாள். சேணத்தில் செருகிக்கொண்டு மேட்டில் ஏறினாள்.

கணவாயில் கற்குவியலின் மறைவில் ஒதீலியா உட்கார்ந்திருந்தாள். கையுறை இரண்டும் மடியில் கிடந்தன. காற்று படாத இடமாகப் பார்த்து, ரயிலுக்குக் காத்திருப்பவள் போல ஒழுங்காக உட்கார்ந்திருந்தாள். கைக்குட்டையில் ரோஜா நிறத்தில் நுரை. தாண்டிப் போன ஒவ்வொருவரும் அவளை விசாரித்திருக்கிறார்கள். குதிரை எனக்குப் பின்னாலேயே வருகிறது, நீங்கள் போங்கள் என்று எல்லோரையும் அனுப்பிவிட்டிருக்கிறாள். வயிற்றுக்காரப் பொறியாளரும், சற்று முன்னால்தான் குதிரையைப் பார்த்தேன், இதோ வந்துவிடும் என்று உறுதி சொல்லிவிட்டு இறங்கியிருக்கிறார். கடைசிக் குதிரை பின்னால் இருக்கிறது என்றால் யாருக்கும் கவலை வராது. அன்று அதுதான் ஆபத்தாகப் போயிற்று.

"வந்துட்டியா" என்றாள் ஒதீலியா. பிறகு மூச்சை இழுத்து, "நான்... கூப்பிட்டேன்."

"கேக்கல செனோரா. எந்திரிங்க."

"அது... கடிக்குமா?"

"கிழட்டுக் குதிரை. பல்லு நல்லா இருந்தா இந்நேரம் என்னையே கடிச்சிருக்கும்."

தூக்கி ஏற்றுவதற்குள் இருவரும் இரண்டு தடவை பனியில் விழுந்தார்கள். முதுகில் சுமை கட்டும் தன் கம்பளித் துணியை அவிழ்த்து, அவளை நிமிர்ந்து உட்கார்ந்தவாக்கில் சேணத்தோடு சேர்த்துக் கட்டினாள் பிரிமித்திவா. படுக்கப் போனால் தொடையில் தட்டி எழுப்பினாள். இறக்கம் முழுவதும் அந்த அம்மாளின் நெஞ்சில் தண்ணீர் கொதிப்பது போன்ற சத்தம் கேட்டுக்கொண்டே வந்ததாம்.

பாதி இறக்கத்தில் யூரி எதிரே ஓடி வந்தான். பொறியாளர் வந்து சேர்ந்தும் குதிரை வராததால் பயந்து திரும்பியிருக்கிறான். சுமைக்குதிரைகளோடு முன்னால் போயிருந்த சின்ன ஆக்சிஜன் சிலிண்டரையும் எடுத்து வந்திருந்தான். முகமூடியை மாட்டினார்கள். உதட்டின் நிறம் கொஞ்சம் மாறியது. சிலிண்டர் நெடுநேரம் தாங்காது என்பது மூவருக்கும் தெரியும்.

இனி நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். அன்று குளத்தடியில் டிரவுட் மீன் வறுத்துக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருவன்.

எங்கள் ஊரில் குளத்தைக் காப்பது முறை வைத்துச் செய்கிற வேலை. ஊற்றுக்கண்ணிலிருந்து கொதிக்கக் கொதிக்க ஒரு வாய்க்கால் வருகிறது, பனியாற்றிலிருந்து ஒரு வாய்க்கால் வருகிறது. மண்ணோடு பெயர்த்த புல்கட்டிகளை வைத்தும் எடுத்தும் இரண்டையும் பதமாகக் கலக்க வேண்டும். வருடக்கணக்காக எல்லா வீட்டு முறையையும் ஒருவனே வாங்கிச் செய்தான். தோரிபியோ, பிரிமித்திவாவின் கொழுந்தன். அவன் கலந்தால் குழந்தையையும் இறக்கலாம், கிழவனையும் இறக்கலாம். அன்றும் கூட்டத்தில் பாதிப்பேர் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து ஆவியில் சிவந்துபோயிருந்தார்கள்.

குதிரை வந்து நின்றது. ஒதீலியாவின் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. தண்ணீரில் இருந்தவர்கள் பதறி எழுந்து, இங்கே கொண்டு வாருங்கள், சூடு நன்றாக இருக்கிறது என்று இடம் விட்டார்கள். எங்களுக்கும் அதுதான் தோன்றியது. மலையிலிருந்து விறைத்து வருகிறவரை முதலில் தண்ணீரில் இறக்குவதுதான் எங்களுக்குத் தெரிந்த வைத்தியம். நிலச்சரிவால் சாலை அறுந்து கிடந்தது. வண்டி கீழ்ப்பாலம்வரைதான் வரும். வண்டியைப் போனில் பிடிக்க யூரி சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு ஓடினான். அவன் வருவதற்குள் அம்மாளுக்குக் கொஞ்சம் சூடேற்றிவிடலாம் என்று யாரோ சொன்னார்கள். ஒதீலியாவே முகமூடியை விலக்கிக்கொண்டு, "தண்ணில... விடுங்க" என்றாள்.

தோரிபியோ அதற்குள் குளிர்ந்த வாய்க்காலை அடைத்து ஒரு மூலையில் சூட்டைக் கூட்டியிருந்தான். கம்பளிச்சட்டையைக் கழற்றிவிட்டு, கட்டை அவிழ்க்கக் கை நீட்டினான்.

பிரிமித்திவா அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"வேண்டாம். நேரா பாலத்துக்குப் போறோம்."

"மதினி, ஆளு வெறைச்சுக் கெடக்கு. பாலத்துக்குப் போறதுக்குள்ள போயிரும். ஒரு கொஞ்ச நேரம்."

"ஒரு நேரமும் வேண்டாம். கம்பளி குடு, போதும்."

அவன் கேட்கவில்லை. முடிச்சைப் பிடித்தான். குளத்தில் இருந்தவர்களும் அவன் பக்கம் பேசினார்கள். ஒருவர் குதிரையின் கடிவாளத்தையே பிடித்துக்கொண்டார். பிரிமித்திவா குதிரைக்கும் குளத்துக்கும் நடுவே போய் நின்றாள். அவள் முகம் அப்படி இருந்து நான் பார்த்ததில்லை. கத்தவில்லை. அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரிதான் எங்கள் மொழியில் சொன்னாள், ஆனால் நாங்கள் எல்லோரும் கேட்டோம்.

"உங்க அண்ணன எறக்கினது போதும் தோரிபியோ."

அவன் கை முடிச்சிலேயே நின்றுவிட்டது.

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. எங்களுக்குப் புரிந்தது, அல்லது புரிய ஆரம்பித்தது. பிரிமித்திவாவின் புருஷன் நிக்கானோர் காட்டுப் பக்கம் தங்கச் சுரங்கத்துக்குக் கூலிக்குப் போய், ஒரு வருடத்துக்கும் மேல் தாழ்நிலத்தில் இருந்துவிட்டுத் திரும்பியவன். வந்த சூட்டோடு கம்பளிப் பொதியைச் சுமந்து கணவாய் ஏறினான். இருமலும் நுரையுமாகத் தூக்கி வந்தார்கள். மலையில் பிறந்தவனுக்கு மலைநோய் வராது என்பது எங்கள் எல்லோருடைய முடிவு. காட்டுக் காய்ச்சல் வெளியேறுகிறது, சூடு காட்டினால் சரியாகிவிடும் என்றோம். தோரிபியோ அண்ணனைத் தோளில் போட்டுக்கொண்டு இந்தக் குளத்தில் இறங்கினான். கழுத்தளவுத் தண்ணீரில் தலையைத் தன் கைமேல் வைத்துத் தாங்கிக்கொண்டே இருந்தான். அந்தக் கையிலேயே அண்ணன் போனான். தம்பி கையில், சொந்த ஊர்த் தண்ணீரில், குளிராமல் போனான் என்று அதன்பிறகு சொல்லிக்கொண்டோம். அதை நம்பித்தான் தோரிபியோ குளத்தை விட்டு நகராமல் இருந்தான்.

பிரிமித்திவாவும் அதையேதான் நம்பியிருந்தாள், குதிரைக்காரர்களுக்குச் சந்தை ஊரில் பயிற்சி வகுப்பு நடக்கும்வரை. தாழ்நிலத்தில் நாள்கணக்காக இருந்துவிட்டு வந்தால் மலைக்காரனுக்கும் நெஞ்சில் நீர் கோர்க்கும் என்றும், அப்படிப்பட்டவரை உடனே கீழே இறக்க வேண்டும் என்றும் ஒரு செவிலி சொன்னாள். வெந்நீரில் உட்கார வைக்கவே கூடாது, கழுத்தளவுத் தண்ணீர் நெஞ்சை அமுக்கும், கைகால் ரத்தமெல்லாம் நெஞ்சுக்கு ஏறும் என்றும் சொன்னாள். பிரிமித்திவா வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்தாள். அந்த வருடம்தான் கடைசிக் குதிரையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். கொழுந்தனிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை, அன்று மாலை குளத்தடியில் சொன்னதைத் தவிர.

தோரிபியோ முடிச்சிலிருந்து கையை எடுத்தான். தான் கழற்றிய கம்பளிச்சட்டையை எடுத்து ஒதீலியாவின் தோளில் போட்டான். கடிவாளத்தைப் பிடித்திருந்தவரை ஒரு பார்வை பார்த்தான். அவர் விட்டுவிட்டார்.

யூரி மேட்டிலிருந்து ஓடி வந்து, வண்டி கிளம்பிவிட்டது என்றான். குதிரையும் அவனும் பிரிமித்திவாவும் அப்படியே கீழே இறங்கினார்கள். வழியில் சிலிண்டர் தீர்ந்தது. ஒரு திருப்பத்தில் அந்த அம்மாளின் தலை தொங்கிவிட்டது. யூரி குதிரைமேல் அவளுக்குப் பின்னால் ஏறி நிமிர்த்திப் பிடித்துக்கொண்டான். கிழட்டுக் குதிரை இரண்டு பேரைச் சுமந்து சேற்றில் வழுக்கி வழுக்கி இறங்கியது. பாலத்தில் விளக்கு தெரிந்தபோதும் அவளுக்கு உயிர் இருக்கிறதா என்று பிரிமித்திவாவுக்கு நிச்சயமில்லை. பிரிமித்திவாவையும் வண்டியில் ஏறச் சொன்னார்கள். குதிரையைப் பாலத்தடியில் கட்டிவிட்டு ஏறிக்கொண்டாள்.

சந்தை ஊர் சுகாதார நிலையத்தில் பெரிய சிலிண்டர் இருந்தது. அங்கிருந்து விடியற்காலையில் ஆம்புலன்ஸ் இன்னும் கீழே கொண்டுபோயிற்று. ஏற்றும்போது ஒதீலியா கண் விழித்துப் பிரிமித்திவாவைத் தேடினாள்.

"உன் குதிரை... என் கால மிதிச்சிருச்சு" என்றாள்.

"ஏத்துறப்ப மிதிச்சிருக்கும். கடிக்கலையே செனோரா" என்றாள் பிரிமித்திவா. முகமூடிக்குள் அந்த அம்மாள் சிரித்தது, கண்ணாடியில் படர்வதுபோல ஆவி படர்ந்ததில் தெரிந்ததாம். பிழைத்துக்கொண்டாள். கிறிஸ்துமஸுக்கு லீமாவிலிருந்து சேணத்துக்கு மெத்தை உறை தைத்து அனுப்பினாள். அளவு சரியாக இருந்தது.

மறுநாள் மதியம் பிரிமித்திவா குதிரையோடு ஊர் திரும்பினாள். பயணிகள் போய்விட்டிருந்தார்கள். குளத்தைக் கழுவும் நாள் இல்லை அது. ஆனாலும் தோரிபியோ தண்ணீரையெல்லாம் வடித்துவிட்டு, ஈரத் தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தான். இரண்டு வாய்க்காலும் அடைபட்டுக் கிடந்தன. காலையிலிருந்து அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறான், யார் கூப்பிட்டும் எழவில்லை.

அவள் படியில் உட்கார்ந்தாள். அந்த அம்மாள் பிழைத்துவிட்டாள் என்றாள். அவன் தலையை ஆட்டினான்.

"எப்பலேருந்து தெரியும் மதினி?"

அவள் சொன்னாள்.

"தெரிஞ்சும் நான் இந்தத் தண்ணியக் கலக்குறதப் பாத்துக்கிட்டே இருந்தீங்க."

"வேற என்ன செய்யச் சொல்ற? சொன்னா நீ தண்ணியும் வேண்டாம் சோறும் வேண்டாம்னு படுத்திருப்ப. உங்க வீட்டுல சின்னப் பிள்ளைங்க."

அவன் தரையில் இருந்த பாசியை விரலால் சுரண்டினான். "நான் எறக்காம இருந்திருந்தா அண்ணன் பொழச்சிருக்குமா?"

"அப்ப ரோடு ஏது? பாலம் ஏது?"

"அது நான் கேட்டதுக்குப் பதில் இல்ல."

"ஆமா, இல்ல" என்றாள் அவள். "எனக்கும் யாரும் சொல்லல."

நாங்கள் எங்கள் மீன் கடைக்குள் சும்மா எதையோ துடைத்துக்கொண்டிருந்தோம். மாலையில் இன்னொரு கூட்டம் கணவாய் இறங்கும் என்று தகவல் இருந்தது. குளம் நிறையப் பாதி நாள் பிடிக்கும். கடைசியில் பிரிமித்திவா எழுந்து மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வெந்நீர் வாய்க்கால் பக்கம் போனாள். முதல் புல்கட்டியில் வெட்டு விழுந்ததும் அவன் தலையைத் தூக்கினான்.

"அதத் தொடாதீங்க. நீங்க தொறந்தா சூடு கூடிப்போகும்."

எழுந்து வந்து மண்வெட்டியை வாங்கிக்கொண்டான். அதற்குப் பிறகு அவன் அவளிடம் அளவாகத்தான் பேசுகிறான். கம்பளிக்காக வளர்க்கிற ஆல்பாக்காக்களின் மயிர் கத்தரிக்கிற நாளில்கூடத் தள்ளித்தான் உட்காருகிறான். ஆனால் இப்போதெல்லாம் குளத்துக்கு வருகிறவர்களை அவன் படியிலேயே நிறுத்தி, முதலில் பேசச் சொல்லி மூச்சைக் கேட்கிறான். வெறும் ஜலதோஷத்துக்கு இருமினாலும் இறங்க விடுவதில்லை. போன மாதம் இருமிக்கொண்டு வந்த லீமாக்காரர் ஒருவர் அவனோடு சண்டைக்குப் போனார். இவ்வளவு தூரம் நடந்து வந்தது இந்தத் தண்ணீருக்காகத்தானே என்றார். தோரிபியோ படியில் குறுக்கே உட்கார்ந்துகொண்டு அசையவே இல்லை.

"கால மட்டும் வைங்க. அதுவும் முட்டிக்குக் கீழ" என்றான்.